வெறும் தகட்டின் வரைபடம்

டாக்டர் பட்டம் வாங்கினவர்கள் என்றாலே ஜென்சிக்கு ஓர் இளக்காரம். காட்டாங்குளத்தூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் லேசர் ஆய்வகத்தைப் பதினேழு வருடமாகப் பார்த்துக்கொள்கிறாள். மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை ஸ்கூட்டி, பிறகு பொத்தேரிக்கு ரயில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தாள். வழிகாட்டி வேறு ஊருக்குப் போனார், மகள் பிறந்தாள், அது அப்படியே நின்றுபோயிற்று. அதன்பின் வந்த பேராசிரியர்கள் யாருமே அவள் கண்ணுக்குத் தேறவில்லை.

இருந்ததிலேயே மோசம் துறைத்தலைவர் மோகன்ராஜ். கருவியின் சுவிட்ச் எந்தப் பக்கம் என்று தெரியாது, ஆனால் அதன்மேல் கை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளத் தெரியும். அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாது. படத்தில் வெளிச்சமே இல்லையே என்று வருத்தப்பட்டு, பாடம் நடத்தும்போது திரையைக் காட்டும் சிவப்பு லேசர் பேனாவால் ஒருவரை ஒளி அடிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார். ஜென்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஆய்வகத்தில் தங்கம் பூசிய சிறு தகடுகள் இருக்கும். அலைநீளத்தை மாற்றிக்கொண்டே போகும் லேசர் அதில் பட்டுத் திரும்பும்போது, தகட்டில் ஒட்டியிருக்கும் மூலக்கூறு தனக்கான அலைநீளத்தை மட்டும் விழுங்கும். திரையில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். எங்கே விழுகிறது என்று பார்த்து, ஒட்டியிருப்பது எந்த வகை என்று சொல்லலாம். மோகன்ராஜின் ஆராய்ச்சி மாணவி மிருதுளா, பக்கத்து ஏரித் தண்ணீரில் தகட்டை நனைத்துக் காயவைத்துப் பார்த்தாள். பள்ளம் விழுந்தது.

"பிளாஸ்டிக்கை இளக்கப் போடற கெமிக்கல்!" என்று குதித்தார் மோகன்ராஜ். "ஏரி பூரா இருக்கு. நம்ம தகடு பிடிச்சிடுச்சு பாருங்க!"

ஜென்சி நிமிர்ந்து கதவுக்கு மேலே பார்த்தாள். பல்கலைக்கழகத்துக்குத் தரம் பார்க்க அதிகாரிகள் வந்தபோது அவர் மாட்டச் சொன்ன வாசனைப் பெட்டி. கால் மணிக்கு ஒருமுறை 'புஸ்' என்று மல்லிகை மணத்தை அடிக்கும். அந்த வாசனைப் பொருளும் அதே இடத்தில்தான் பள்ளம் போடும்.

எல்லாரும் போனபிறகு எதிலும் நனைக்காத வெறும் தகட்டை வைத்துப் பார்த்தாள். அதே பள்ளம். மறுநாள் பெட்டியை அணைத்து, அறையைக் காற்றாட விட்டு, புதுத் தகடு வைத்தாள். பள்ளம் இல்லை. இரண்டு வரைபடங்களையும் அச்செடுத்துத் தேதி போட்டு அவரிடம் கொண்டுபோனாள்.

அவர் தாளைப் பார்க்கவேயில்லை. "நீங்க மெஷினைப் பாத்துக்குங்க ஜென்சி. அர்த்தம் சொல்றது எங்க வேலை."

"சரி சார்" என்று திரும்பி வந்தவள், தாள்களை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, வாசனைப் பெட்டியை மறுபடி போட்டுவிட்டாள்.

"அந்தப் பொண்ணுகிட்டயாவது சொல்லிடேன்" என்றான் ராத்திரி வீட்டில் கணவன் ஜெர்சன்.

"எதுக்கு? அந்த ஆளு நாலு பேர் முன்னாடி மூக்குடைபடட்டும்."

எட்டு மாதம் போயிற்று. மோகன்ராஜ் செய்தித்தாளுக்குப் பேட்டி கொடுத்தார். மிருதுளா வெயிலில் ஏரிக்கும் ஆய்வகத்துக்கும் அலைந்து கறுத்துப்போனாள். மத்தியானம் ஜென்சியோடுதான் சாப்பிடுவாள். பிறகு, கட்டுரை அனுப்பியிருந்த வெளிநாட்டு ஆய்வுப் பத்திரிகையிலிருந்து ஒரே கேள்வி வந்தது: வெறும் தகட்டின் வரைபடம் எங்கே?

மிருதுளா எடுத்துப் பார்த்தாள். பள்ளம் அப்படியே இருந்தது.

மோகன்ராஜ் இருவரையும் அறைக்கு அழைத்தார். "தகட்டைச் சரியா சுத்தம் பண்ணலைன்னு எழுதிக் குடுங்க ஜென்சி."

இந்த நிமிஷத்துக்காகத்தான் அவள் காத்திருந்தாள். இரண்டு தாள்களையும் அவர்முன் வைத்தாள். "ஏப்ரல் பதினொண்ணாம் தேதி கொண்டுவந்தேன் சார். நீங்கதான் பாக்கல." அவர் முகம் வெளுத்தது.

ஆனால் தாளை எடுத்துத் தேதியைப் படித்தவள் மிருதுளா. "அக்கா, ஏப்ரல்லயே தெரியுமா?"

"சார்கிட்ட சொன்னேன்மா."

"என்கிட்ட? எட்டு மாசம் நான் நாயா அலைஞ்சதைப் பாத்துட்டே இருந்தீங்களா?"

அன்று ரயிலில் ஜென்சிக்குத் தன்மேலேயே வந்த இளக்காரம், மோகன்ராஜ்மேல் இருந்ததைவிடக் கசப்பாக இருந்தது. அவராவது தாளைப் பார்க்காமல் செய்தார்.

நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினாள். பெட்டி, தேதி, அவர் சொன்னது, தெரிந்தும் தான் மாணவியிடம் மறைத்தது எல்லாம் அதில் இருந்தது. அவளுக்கு ஒரு மெமோ வந்தது. மிருதுளாவுக்கு வேறு வழிகாட்டியும் ஆறு மாத அவகாசமும் கிடைத்தன. மோகன்ராஜுக்கு ஒன்றும் ஆகவில்லை. 'ஆய்வகத் தூய்மை' பற்றி இரண்டு கல்லூரிகளில் உரையாற்றினார்.

சனிக்கிழமைகளிலும் ஜென்சி வந்து கருவியைத் தயார் செய்து கொடுத்தாள். மிருதுளா வேண்டாமென்று சொல்லவில்லை, வேலையைத் தவிர வேறு பேசவும் இல்லை. சாப்பாட்டு டப்பாவை விடுதிக்கு எடுத்துப் போய்விடுவாள். வாசனைப் பெட்டியைக் கழற்றியபிறகு, சுத்தமான தகட்டில் ஏரித் தண்ணீர் எந்தப் பள்ளமும் போடவில்லை. தேடியது கிடைக்கவில்லை என்று அவள் எழுதிய ஆய்வேடு ஒல்லியாக இருந்தாலும், தேர்வாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

வாய்மொழித் தேர்வன்று மோகன்ராஜ் முன்வரிசையில் எழுந்து, கம்பீரமாகக் கேட்டார்: "வெறும் தகடு வச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தோம் சார். நாப்பத்திரண்டு தடவை."

பின்வரிசையில் ஜென்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மிருதுளா தன்னைப் பார்ப்பாள் என்று நிமிர்ந்தாள். அவள் அடுத்த கேள்விக்குத் திரும்பிவிட்டிருந்தாள்.