உப்புப் போடாத சாயம்

சாயப்பொடி கொதிக்கும்போது ஒரு வாடை வரும். துருப்பிடித்த இரும்பை நக்கியது போல நாக்கிலும் அது தெரியும். ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம், ஆண்டு விழா நாள் காலையில் எங்கள் வீடு முழுக்க அந்த வாடைதான். வேர்க்கடலை அவிக்கிற அலுமினியக் "குண்டான்" அடுப்பில் இருந்தது. அதற்குள் அப்பாவின் வேட்டி சிவப்பாகிக்கொண்டிருந்தது.

குருவிநத்தத்திலிருந்து பாகூருக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தேன். விழாவில் எட்டுப் பெண்கள் சேர்ந்து ஆடுவதாக ஏற்பாடு. எல்லோருக்கும் வெள்ளைப் பாவாடை, வெள்ளை ரவிக்கை, சிவப்புத் தாவணி. "கலர் மாறி வந்தா மேடை ஏற வேணாம், கீழ ஒக்காந்து கைதட்டுங்க" என்று டீச்சர் சொல்லிவிட்டார். பாவாடையும் ரவிக்கையும் மாதா கோயில் திருவிழாவுக்குத் தைத்தது இருந்தது. தாவணி இல்லை. முதல் நாள் சாப்பிடும்போதுதான் வீட்டில் சொன்னேன்.  விடிந்ததும் அம்மா வேட்டியின் கரையைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

"நான் இன்னாத்தக் கட்றது?" என்றார் அப்பா.

"லுங்கி கீது இல்ல" என்றாள் அம்மா. அவ்வளவுதான் பேச்சு.

அன்றைக்கு வெயில் மந்தம். தாவணி சரியாகக் காயவில்லை. அரை ஈரத்தோடு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பள்ளிக்கூடத்தில் கட்டிக்கொண்ட பிறகு பார்த்தேன், விரல் நுனியெல்லாம் சிவப்பு. சாயம் போகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டீச்சர் காதுக்குப் போகும், மேடை போய்விடும். கையை இடுப்பிலிருந்து தள்ளியே வைத்துக்கொண்டு நின்றேன்.

ஸ்டுடியோக்காரர் ஒருவர் விழாவுக்குப் படம் எடுக்க வந்திருந்தார். உள்ளே இருட்டாக இருக்கிறது, வெளிச்சம் போவதற்குள் வாருங்கள் என்று எங்கள் எட்டுப் பேரையும் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். நான் போய் ஓரமாக நின்றேன்.

"ஒசரமான பொண்ணு, நடுவுல வாம்மா."

"இங்கியே நிக்கிறேன் அண்ணா."

"ஓரத்துல நின்னா பனைமரம் மாதிரி தெரியுது, நடுவுல வா."

எல்லோரும் சிரித்தார்கள். நடுவில் போனேன். எனக்கு வலது பக்கம் கௌரி, எங்கள் தெரு. இடது பக்கம் வசந்தி. வசந்தி வீட்டுக் கரும்புக் கொல்லையில்தான் அம்மா அப்போது காய்ந்த சோகையை உரிக்கும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வசந்தியின் ரவிக்கை புதுசு, அன்றைக்குத்தான் தையல்காரரிடமிருந்து வந்தது. கஞ்சி வாசனை கூடப் போகவில்லை.

"நெருங்கி நில்லுங்க. தோள் மேல கை போடுங்க. ஃபிலிம்ல ஒண்ணுதான் பாக்கி, கண்ணு சிமிட்டாதீங்க."

இரண்டு பேரும் என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். கேமரா சத்தம் கேட்டது. நான் கையை எடுத்தபோது வசந்தியின் தோளில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. கௌரியின் தோளிலும்.

"ஐயோ, புதுசுடி!" என்றாள் வசந்தி.

 எனக்கு மேடை மறந்துபோயிற்று. நாளைக்குக் காலையில் அம்மா அந்தக் கொல்லைக்குப் போக வேண்டும், அது ஒன்றுதான் நினைப்பு.

"உங்கம்மாகிட்ட சொல்லாதடி" என்றேன்.

"நான் சொல்லணுமா? அவங்களுக்குக் கண்ணு இல்ல?"

கௌரி தன் தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனுக்கு மருதாணி வச்ச மாறி கீது. நல்லாத்தான்டி கீது."

வசந்தி அவளை முறைத்தாள். பிறகு என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேரே தண்ணீர் ஓரத்துக்குப் போனாள். தாவணி அவள் கையில் இருந்ததால் நானும் பின்னாலேயே ஓடினேன். நுனியை ஏரியில் நனைத்துப் பிழிந்தாள்.

"எல்லாரும் வாங்கடி. சீக்கிரம்."

ஒவ்வொருத்தி தோளிலும் வைத்து அழுத்தினாள். சின்னவள் கலா மட்டும் பின்வாங்கினாள்.

"எங்க வூட்ல அடிப்பாங்க."

"என்ன மட்டும் கொஞ்சுவாங்களா? நில்லுடி."

கடைசியில் என் தோளிலும் வைத்தாள். கேமராவைப் பையில் போட்டுக்கொண்டிருந்த ஸ்டுடியோக்காரர், "போட்டோவுக்கு முன்னாடியே இத வச்சிருக்கக் கூடாதாம்மா?" என்றார்.

மேடைக்குப் பின்னால் டீச்சர் எங்களை நிறுத்தினார். "இது இன்னாது?"

"டிசைன் டீச்சர்" என்றாள் வசந்தி.

"எல்லாருக்கும் இருக்கா?"

"இருக்கு டீச்சர்."

ஒவ்வொரு தோளாகப் பார்த்தார். "சரி, ஏறுங்க."

ஆடியது நினைவில்லை. கைதட்டியது நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு மூன்று நாள் அம்மா வேலைக்குப் போய்வரும்போதெல்லாம் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நாலாம் நாள் சாயங்காலம் முகம் கழுவிவிட்டு உட்கார்ந்து அவளாகச் சொன்னாள்.

"வசந்தி அம்மா கேட்டாங்க. அது இன்னா சாயம், எத்தினி தடவ தொவைச்சாலும் போவ மாட்டேங்குதுன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"உப்பு போட்டாத்தான் சாயம் துணியில நிக்கும், போட மறந்துட்டேன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"சிரிச்சாங்க. அவங்களும் ஒரு தடவ மறந்தாங்களாம்."

மறுநாளும் அம்மா அதே கொல்லைக்குத்தான் போனாள். நான் அடுத்த வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிட்டேன். வசந்தியைத் திருக்கனூரில் கட்டிக்கொடுத்தார்கள். எப்போதாவது பஸ்ஸில் பார்த்தால் முதலில் என் கையைப் பிடித்துத் திருப்பி விரலைப் பார்ப்பாள். பிறகுதான் பேச்சு.

அந்தப் போட்டோ என்னிடம் இருக்கிறது. அதில் எட்டுப் பேர் தோளும் வெள்ளைதான். என் கைகளுக்குக் கீழேதான் அந்தச் சிவப்பு இருந்தது. தாவணியின் சிவப்பும் இப்போது பழுப்பாகிவிட்டது.

போன மாதம் என் மகள் பள்ளியில் ஆண்டு விழா. உடுப்பு வாடகைக்கு, பிளாஸ்டிக் கவரில் வந்தது. சாயப்பொடி விற்ற கடையில் இப்போது மொபைல் ரீசார்ஜ் செய்கிறார்கள். குண்டான் ஓட்டையாகிப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதே ஏரிக்கரையில் பத்துப் பெண்கள் நின்றார்கள். மகள் போனை என் கையில் கொடுத்தாள். உடுப்பு கசங்கிவிடும் என்று ஆளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றார்கள். போனுக்குள் அடங்கவில்லை.

"நெருங்கி நில்லுங்கடி. சாயம் போவாது" என்றேன்.

"இன்னா சாயம்மா?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. தோள் மேல கை போடு."

போட்டார்கள். எடுத்தேன்.