அம்பு குறைந்த நோட்டு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் செக்கர். லைனில் முடிந்து வரும் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பசை வழிந்திருந்தாலோ, தையல் விட்டிருந்தாலோ, அந்த இடத்தில் சின்னதாய் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ரிப்பேர் டேபிளுக்கு அனுப்பிவிடுவேன். யாரையும் திட்ட வேண்டியதில்லை, அம்பு போதும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் வாசலில் கிடக்கிற செருப்புகளைத்தான் முதலில் பார்ப்பேன் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். முறைப்பேனே தவிர, மறுக்க முடியாது.

மகள் ஐந்தாவது வரை தெருக்கோடியில் இருந்த தமிழ் மீடியம் பள்ளியில் படித்தாள். ஓயாத வாய். ஆறாவதுக்கு இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தோம். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே அந்த வாய் அடங்கிவிட்டது. வேனிலிருந்து இறங்கியதும் பையைக் கடாசிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள்.

"இன்னாடி ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா."

ஏதாவது செய்தாக வேண்டும் என்று துடித்தேன். சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும் என்று அப்போது யார் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். ஆறாவது இங்கிலீஷில் எழுத்துப்பிழை கண்டுபிடிக்கத் தெரியும். கம்பெனியிலிருந்து இரண்டு ஷீட் ஸ்டிக்கர் எடுத்து வந்தேன். தினமும் சாயங்காலம் அவள் நோட்டை வாங்கி, தப்பு இருக்கும் இடத்திலெல்லாம் ஒட்டினேன். அவள் திருத்தி எழுதிவிட்டு உரித்துவிட வேண்டும். திட்டு இல்லை, அடி இல்லை. இப்படி ஒரு யோசனை வேறு எந்த அம்மாவுக்கு வரும் என்று எனக்கு என்மேலேயே பெருமை.

முதல் வாரம் ஒரு பக்கத்துக்குப் பத்துக்குமேல் அம்பு. ஆடி முடிவதற்குள் ஒன்று, இரண்டு.

"பாத்தியா, எவ்ளோ கம்மியாய்டுச்சு!" என்று கட்டிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

காலாண்டுத் தேர்வு முடிந்து, பெற்றோரை வரச் சொன்னார்கள். லீவு போட்டுவிட்டு, தலை நிமிர்ந்து போனேன். டீச்சர் விடைத்தாளை என் முன்னால் வைத்தார்.

"பத்து கேள்வியில மூணுக்குத்தான் எழுதியிருக்கா. அந்த மூணும் கரெக்ட். மீதிய ஏன் விட்டேன்னு கேட்டா, எழுதினா தப்பாய்டும் மிஸ்னு சொல்றா. வீட்ல அடிப்பீங்களா?"

"கைய வெச்சதே இல்ல மிஸ்," என்றேன். உண்மைதான். அதைச் சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசியது.

லைனில் அம்பு குறைந்தால் வேலை தேறிவிட்டது என்று அர்த்தம். எத்தனை ஜோடி வந்தது என்று எண்ணுவது என் வேலை இல்லை, அதற்கு வேறு ஆள் இருக்கிறார். வீட்டில் அந்த வேறு ஆள் யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளை எடுத்தேன். ஆகஸ்டில் பக்கத்துக்கு நாலு வரி, எல்லாம் அவளுக்கு நிச்சயமாய்த் தெரிந்த குட்டிக் குட்டி வார்த்தைகள். ஜூனுக்குப் புரட்டினேன். 'என் அம்மா' என்று ஒரு முழுப் பக்கக் கட்டுரை. அம்மா வேலை விட்டு வரும்போது கையில் பசை வாசம் வரும், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும் என்று தப்புத் தப்பான இங்கிலீஷில் எழுதியிருந்தாள். உரித்த ஸ்டிக்கர்களின் தடம் பக்கம் முழுக்க இருந்தது. அத்தனையையும் ஒட்டியவள் நான்தான். ஆனால் அந்தக் கட்டுரையை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படித்தேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஸ்டிக்கரையெல்லாம் அன்றே குப்பையில் போட்டேன். மகளிடம் மன்னிப்பும் கேட்டேன். "பரவால்லம்மா," என்றாள், பெரிய மனுஷி மாதிரி.

இப்போது அவள் எட்டாவது. பேச்சு திரும்பிவிட்டது. பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று டீச்சர் சொல்கிறார். இந்த வருடம் பள்ளி திறந்த முதல் வாரம், நோட்டில் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று வாசலையே பார்த்துக்கொண்டு அப்பாவுக்காகக் காத்திருந்தாள்.

"குடுடி, நான் போடறேன்."

"வேணாம்மா. அப்பா பாக்காம போட்டுடுவாரு. நீ பாப்ப."

கோபமாய்ச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். என் மனம் நோகக் கூடாதென்று, மெதுவாகத்தான் சொன்னாள்.