வண்டியில் பூட்டிப் பார்த்த மினி கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் விக்கிறது ஒண்ணும் கஷ்டமில்லீங்க. கையில இருக்கிற காசுக்கு எதை விட்டுக்குடுக்கலாம்னு வந்தவங்க வாயால சொல்ல வைக்கிறதுக்குள்ளதான் நாக்குத் தள்ளிப்போகும். பீளமேட்டுல கடை போட்டு தினமும் இந்தப் பாடு படறவன் நான். கல்லாவுக்கு எதிர்ப்பக்கம் வாங்க வந்து நின்னு நீங்களும் பட்டிருப்பீங்க, அதனால உங்ககிட்டயே சொல்றேன்.

கன்னுக்குட்டி

காங்கேயத்துல இருந்து மாட்டுத் தரகர் சின்னச்சாமி, மக கவிதாவைக் கூட்டிக்கிட்டு வந்தார். கவிதா டீ-சர்ட்டுல அச்சடிக்கிற படம் வரையற புள்ள. திங்கக்கிழமை ஒரு வேலை அனுப்புறோம், சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் குடுத்தா ஊட்டுல இருந்தே செய்யலாம்னு திருப்பூர் கம்பெனி ஒண்ணு சொல்லியிருக்கு. இல்லீன்னா கைக்குழந்தையை விட்டுட்டு தினமும் பஸ் ஏறணும். "பையன் இன்னும் தவழக்கூட இல்லீங்ண்ணா"ன்னு அந்தப் புள்ள சொன்னதும் எனக்கே மனசு கேக்கலை.

அவங்க பட்ஜெட்டுக்கு மினி பிசிதான் தோது. டிபன் டப்பா அளவு பொட்டியை எடுத்து வெச்சேன். சின்னச்சாமி அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஏனுங்க தம்பி, கன்னுக்குட்டியக் காட்டுறீங்களே, தாயி எங்கீங்க?"

பின்னாடியும் பாக்கோணும்

ரெண்டு பொட்டி இருந்துச்சு. ஒண்ணு பளபளன்னு மெட்டல் பாடி, ஸ்டோரேஜும் ஜாஸ்தி. ஆனா ரேமை போர்டோடவே ஈயம் வெச்சுப் பத்தவெச்சிருப்பாங்க, பின்னால கூட்ட முடியாது. இன்னொண்ணு பிளாஸ்டிக், ஸ்டோரேஜ் கம்மி, யூஎஸ்பி ஓட்டையும் கம்மி. ஆனா இன்னொரு ரேம் சொருக இடம் காலியா இருக்கும். முக்காவாசிப் பேரு பளபளப்பைத்தான் தூக்குவாங்க, நான் தொண்டைத்தண்ணி வத்தக் கத்துனாலும் கேக்க மாட்டாங்க.

இவர் ரெண்டையும் சுத்தி வந்தார். பின்பக்கம் தடவுனார். மூடியைக் கழட்டச் சொல்லி, மாட்டுக்குப் பல்லுப் பாக்கிறாப்ல உள்ள எட்டிப் பார்த்தார். காலி இடம் எதுக்குன்னு கேட்டார், சொன்னேன். பளபள பொட்டியை என் பக்கமே தள்ளிவிட்டார். "இனிமே வளராதுன்னு தெரிஞ்சும் அதைய வாங்கறதுக்கு, நான் என்ன சந்தைக்குப் புதுசுங்களா?"

மீன் வீடியோ

டெமோன்னா நான் எப்பவும் கடலுக்குள்ள மீன் நீந்தற வீடியோதான் போடுவேன். எந்தப் பொட்டியிலயும் அழகா ஓடும், மயங்காத ஆளே கிடையாது. கவிதாகூட "ஐ"ன்னுச்சு. அப்பா மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நின்னார். "மீனு நல்லாத்தான் நீந்துதுங்க. ஆனா எங்கூர்ல, பாரம் ஏத்துன வண்டியில பூட்டி ஓட்டிப் பாக்காம காளை வாங்க மாட்டோமுங்க."

பூட்டினோம்

கவிதா பென் டிரைவுல கொண்டாந்த பெரிய படத்தை அந்த பிளாஸ்டிக் பொட்டியில திறந்துச்சு. ஐயோ, மானம் போச்சு! மவுஸ் இங்க நகருது, அம்புக்குறி அங்கயே நிக்குது. புள்ளைக்கு முகம் சுண்டிப்போச்சு. காலி இடத்துல இன்னொரு ரேமைச் சொருகினேன். அதே படம் வழுக்கிக்கிட்டு ஓடுச்சு. எனக்கே கைதட்டணும் போல இருந்துச்சு.

ஆனா அந்த ரேமைச் சேத்தா பட்ஜெட் தாண்டுது. எதைக் கழிக்கிறது? ஸ்பீக்கரு, வெப்கேமுன்னு நான் இழுத்துக்கிட்டிருந்தேன். கவிதா பட்டுன்னு பேச்சை முடிச்சுது. "ஸ்டோரேஜை இன்னும் சின்னதாக்கிருங்ண்ணா. முடிச்ச படமெல்லாம் பழைய ஹார்டு டிஸ்க்குல கிடக்கட்டும், வேலை நடக்கறப்ப நிக்காம இருந்தாப் போதுமுங்க."

திங்கக்கிழமை

அன்னிக்கு எனக்குக் கடையில இருப்புக் கொள்ளலை. மத்தியானம் கவிதா போன் பண்ணுச்சு. பொட்டி சூடாகி, உள்ள இருக்கிற ஃபேன் ங்ஙொய்யுன்னு கத்துதாம். சின்னப் பொட்டிக்குக் குட்டி ஃபேன்தான் வைக்க முடியும், பாரம் ஏறுனா அது கத்தத்தான் செய்யும். பையன் முழிச்சுக்கிட்டா எல்லாம் கெட்டுது. "காத்து வர்ற இடமாப் பார்த்து வெச்சு ஓட்டு அம்மணி"ன்னு சொல்லிப்போட்டு, தெரிஞ்ச சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

சாயங்காலம் மறுபடி போன். வேலை கிடைச்சிருச்சு, ஊட்டுலயேதான்! நான் கல்லாவுல இருந்து எந்திரிச்சே நின்னுட்டேன். சந்தோசத்துல, சத்தம் கம்மியா வர்ற ஃபேன் ஒண்ணு நானே வந்து மாத்தித் தர்றேன்னேன். அந்தப் புள்ள பதறிப்போச்சு. "ஐயோ, அதுல கை வெச்சுப்போடாதீங்ண்ணா! அந்தச் சத்தத்துலதான் பையன் அசந்து தூங்குறான், ஆஃப் பண்ணுனா எந்திரிச்சு அழுவுறான்."

குறைக்கு மன்னிப்புக் கேக்கறதுக்கு முன்னால, வாங்குனவங்க அதுக்கு என்ன வேலை குடுத்திருக்காங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கணுமுங்க.