கைப்பிடியின் உயரம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. பருவம் மாறினால் மற்றவர்களுக்குச் சளி பிடிக்கும், அவருக்குக் கருவி வாங்கும் ஆசை பிடிக்கும். வெயில் தொடங்கினால் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் உருளை. காற்றுக்காலத்துக்குச் சருகு வாரும் வாரி. மழைக்கு முன்னால், கூரைத் தண்ணீர்க் குழாயில் சேர்ந்த இலைகளை அள்ள நீளக் கம்பு வைத்த கரண்டி. கார் இல்லாத அந்த வீட்டில் கார் கொட்டகை முழுக்கக் கருவிகள்தான். பாதிக்கு மேல் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை. "எங்கிட்ட எல்லாம் இருக்கு. முடிச்ச வேலைதான் ஒண்ணும் இல்ல" என்று அவரே கடையில் சொல்லிச் சிரிப்பார். பிறர் சொல்வதற்குள் தானே சொல்லிவிட்டால் வலி பாதிதான் என்பது அவர் கணக்கு.

போன மழைக்கு முன் வாசல்படி ஐந்திலும் பாசி பிடித்திருந்தது. தேய்த்துவிடுங்கள் என்று மனைவி நான்கு முறை சொன்னாள். ஐந்தாவது முறை அவளே விளக்குமாற்றை எடுக்க, அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி வந்தார். அதன் விளக்கப் புத்தகத்தைப் படிக்க மூன்று ஞாயிறு ஆனது. நான்காவது ஞாயிறு வருவதற்குள் அவள் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார்கள். அவர் வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டு, செருப்பு தேய்ந்திருந்தது, வழுக்கிவிட்டது என்றாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த வருஷம் அவர் உருப்படியாகச் செய்து முடித்த ஒரே வேலை அதுதான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பழைய விளக்குமாற்றால் படிகளைத் தேய்த்தார். ஐந்து படிக்கும் சேர்த்து அரைமணி நேரம் பிடித்தது. வெறும் அரைமணி நேரம். தேய்த்து முடித்த படியிலேயே உட்கார்ந்து அழுதார்.

அறுவை சிகிச்சை முடிந்ததும் அவள் தம்பி அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனான். அங்கே வாசலில் படி கிடையாது. ஆறு வாரம் கழித்து, இனி வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னபோது, படியில் கைப்பிடி இல்லாமல் ஏறக்கூடாது என்றும் சொன்னார். மச்சினன் கறாராகச் சொல்லிவிட்டான்: சனிக்கிழமைக்குள் கைப்பிடி வராவிட்டால் அக்கா மழைக்காலம் முடியும்வரை அவன் வீட்டில்தான். பேசாமல் ஒரு வெல்டரைக் கூப்பிடுங்கள் என்று யோசனையும் கொடுத்தான். அவருக்குச் சுருக்கென்றது. ஆளே இல்லாத வீட்டில் ஆறு வாரம் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தவர், இந்த வேலையையாவது தன் கையால் செய்யாவிட்டால் தான் மனுஷனே இல்லை என்று முடிவுகட்டினார்.

கடைக்கு மூன்று நாள் லீவு. படியை ஒட்டிய பக்கச் சுவரில் துளைபோட்டுக் கொக்கி அடித்து, அதன்மேல் இரும்புக் குழாயைப் பொருத்த வேண்டும். முதல் துளையில் சுவர் கை நிறைய அள்ளும் அளவு உதிர்ந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அவரும் சுவரைத் திட்டினார், செங்கல்லைத் திட்டினார், கட்டிய கொத்தனாரின் பரம்பரையையே திட்டினார். பிறகு டிரில்லைத் தலைகீழ் சுற்றில் போட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். ஆனாலும் வெள்ளிக்கிழமை மாலை குழாய் சுவரில் ஏறியது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு ஏறினார், இறங்கினார், ஒருமுறை தொங்கியும் பார்த்தார். அசையவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்மேலேயே அவருக்கு மரியாதை வந்தது.

சனிக்கிழமை காலை கார் வந்தது. மச்சினன் கைத்தாங்கலாக இறக்கிவிட, அவள் முதல் படியின் அருகே வந்து கையை நீட்டினாள். கை மேலே போனது, இன்னும் மேலே போனது. குழாய் அவள் தோளுக்கு நேராக இருந்தது.

ஆறடி மனிதர், தானே நின்று, தன் கைக்கு வாகாக அளவெடுத்திருந்தார். அவளோ அவர் மார்புக்குத்தான் வருவாள். கடையில் தினம் இருபது பேருக்குக் கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள தூரத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கிறவர், முப்பது வருஷம் பக்கத்தில் நடந்தவளின் உயரத்தை மறந்திருந்தார். உலகத்திலுள்ள முட்டாள்களுக்கெல்லாம் சங்கம் இருந்தால் தன்னைத் தலைவராகப் போட்டியின்றித் தேர்ந்தெடுப்பார்கள் என்று தோன்றியது.

மச்சினன் குழாயையும் அக்காவையும் பார்த்துச் சிரிப்பை அடக்கினான். அவளுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டான். "சரி விடுங்க மாமா, அக்கா எங்க வீட்டுலயே இருக்கட்டும். முதல்ல அந்தச் செருப்பத் தூக்கிப் போடுங்க. அதனாலதான இவ்வளவும்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தெருவைப் பார்த்தாள். ஆறு வாரமாக, சொந்தத் தம்பியிடம்கூட அவள் அந்தப் பொய்யை மாற்றிச் சொல்லவில்லை.

"செருப்பு இல்ல மச்சான்" என்றார். "பாசி. நாலு தடவ சொன்னா. நான் தேய்க்கல. அவ தேய்க்கப் போனதையும் நான்தான் தடுத்தேன்."

மச்சினன் முகத்தில் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, நாற்காலியின் கையைப் பற்றி மெல்ல எழுந்தாள். சுவரோரமாக வந்து கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு நின்றாள்.

"அளவெடுங்க" என்றாள். "ரொம்ப நேரம் நிக்க முடியாது."

அவர் பென்சிலோடு மண்டியிட்டு, அவள் மணிக்கட்டுக்கு நேராகச் சுவரில் கோடு போட்டார். முதல் கோடு கோணலாக விழுந்தது, மறுபடி போட்டார். மச்சினன் வந்து குழாயின் மறுமுனையைத் தாங்கினான். மத்தியானத்துக்குள் குழாய் புதுக் கோட்டுக்கு இறங்கிப் பொருந்திவிட்டது. மேலே பழைய துளைகள் எட்டும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

அவள் கைப்பிடியைப் பிடித்து ஒரு படி ஏறினாள். நின்று, அதைப் பலமாக இரண்டுமுறை ஆட்டிப் பார்த்தாள். கீழே நின்ற அவர் மூச்சே விடவில்லை. அப்புறம்தான் அவள் தன் முழு எடையையும் அதன்மேல் போட்டு அடுத்த படியில் கால் வைத்தாள்.