இல்லாமல் இல்லை என்றால் போதாது

“இல்லாம இல்லைன்னா இருக்குன்னு ஆயிடுமா? எடுத்துக் காட்டும்!”

மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்காக இப்படி மல்லுக்கு நிற்பவர்தான் எங்கள் மாடிவீட்டு அனந்தநாராயணன். கடைக்காரர் சிவனாண்டி செய்த குற்றம், “இல்லாமலா போவும் சாமி, உள்ள சாக்குல எங்கயாச்சும் கெடக்கும்” என்றதுதான்.

அனந்துவுக்கு ஆராய்ச்சி நிலையத்தில் கம்ப்யூட்டருக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுக்கிற உத்தியோகம். அது என்ன என்று கேட்டு மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். “ஒண்ணு இருக்குன்னு நிரூபிச்சா, அதைக் கண்டுபிடிக்கற வழியும் அந்த நிரூபணத்துக்குள்ளயே இருக்கணும் சார். அந்த வழிதான் ப்ரோக்ராம். ‘இல்லாம இருக்காது’ன்னு கையை விரிச்சா மெஷின் எதை ஓட்டும்?” சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ். லோக்கல் ரயிலில் நசுங்கி நிற்கும்போதும் அடுத்தவர் டிபன் பெட்டி மூடியில் அம்புக்குறி போட்டு விளக்குவார். அடி வாங்காமல் எப்படி வீடு சேருகிறாரோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

போன ஞாயிறு அவருக்குப் பெண் பார்க்கச் செம்பூர் போனோம். எச்சில் தட்டைத் தொட்டால் கை அலம்பச் சொல்லும் ஆசாரமான வீடு. பெண் ருக்குவுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. அவள் வந்து உட்கார்ந்ததுமே அனந்துவின் காது சிவந்துவிட்டது. கடித்த பஜ்ஜியை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். ஆள் விழுந்துவிட்டார் என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ருக்குவின் அப்பா உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். “அவளுக்குப் பிடிக்காம இல்லை. அப்புறம் என்ன, தட்டு மாத்திண்டுடலாமே!”

வேறு யாராக இருந்தாலும் வெற்றிலைத் தட்டை நீட்டியிருப்பார்கள். அனந்து தொண்டையைக் கனைத்தார்.

“பிடிக்காம இல்லைன்னுதான் சொல்றேள் மாமா. பிடிச்சிருக்குங்கறது அதுலேர்ந்து கிடைக்காதே.”

நல்ல இடம் கைநழுவுகிறதே என்று அவர் தொடையில் கிள்ளினேன். கேட்டால்தானே!

“எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு மாமா. அதனாலதான் கேக்கறேன். உங்க பொண்ணுக்கும் பிடிச்சிருந்தா, ஏதாவது ஒரு சாட்சி காட்டணும்.”

“சாட்சியா? இதென்ன கோர்ட்டா?” மாமா விருட்டென்று எழுந்துவிட்டார். மாமி கையைப் பிசைந்தாள்.

“இருங்கோப்பா” என்றாள் ருக்கு. சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வந்தாள். அனந்துவின் தட்டிலிருந்து அவர் கடித்து வைத்த பஜ்ஜியை எடுத்தாள். கூடத்தில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் பார்க்க, அதை வாயில் போட்டுக்கொண்டாள்.