பாலத்து முனையில் என் கால் நிமிர்ந்தது

முருகனை நம்பிப் பிழைக்கிற என் சொந்தங்களே, இதை உங்களிடம் சொல்லாமல் போனால் என் கட்டை வேகாது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் முழங்கால் நிமிராமல் போனது. அதனால் என் மனைவி அஞ்சலை காய்ச்சலில் செத்தே போயிருப்பாள். காலுக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஜப்பான்காரன் காலத்தில் சம்பந்தம் இருந்தது.

அப்போது நாங்கள் மலாயாவில் பீடோங் பக்கம் உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ஜப்பான்காரன் வந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. ரப்பர் பால் வாங்க ஆளில்லை. மரவள்ளிக்கிழங்குதான் சோறு. அப்படி இருந்தும் பொங்கலுக்கு, நாங்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்த லயத்துத் திடலில் சடுகுடு ஆடினோம். வயிறு காய்ந்தாலும் வீம்பு காயவில்லை. நான் பாடிக்கொண்டு உள்ளே இறங்கினால் அந்த வட்டாரத்தில் என்னைப் பிடிக்க ஆள் கிடையாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அன்று தொட்டுவிட்டுத் திரும்பும்போது கோட்டுக்குப் பக்கத்திலேயே ஒருவன் என் கணுக்காலைப் பிடித்துவிட்டான். நான் விழுவதற்குள் முனியாண்டி என் முழங்கால் மேல் விழுந்தான். முனியாண்டி என் கூட்டாளிதான், ஆனால் அன்று எதிர்க்கட்சியில் ஆடினான். நல்ல பருமனான ஆள். முட்டிக்குள் ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. மருந்து கொடுக்கிற டிரஸ்ஸரையும் சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். அஞ்சலைதான் ஒத்தடம் கொடுத்தாள். வீக்கம் வற்றியது. கால் மட்டும் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டது.

சுங்கைப்பட்டாணிக்குப் போகிற வழியில் ஒரு பாலம் உண்டு. அதன் முனையில் ஜப்பான்காரன் காவல். கடக்கிறவன் அவன் முன்னால் கால் மடங்காமல் நேராக நிற்க வேண்டும். பிறகு இடுப்பை வளைத்துக் கும்பிட வேண்டும். மாசியில் உப்புத் தேடிக் கம்பு ஊன்றிக்கொண்டு போனேன். கும்பிட்டேன். கால் மடங்கியே இருந்தது. அவன் என் முட்டியைப் பார்த்தான். "பகேரோ" என்று, மடையா என்பதை அவன் பாஷையில் கத்திக்கொண்டு கன்னத்தில் அறைந்தான். கம்பைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தான். ஒரு கல்லைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி வெயிலில் நிறுத்தினான்.

பக்கத்தில் ஒரு மலாய்க்காரப் போலீஸ் இருந்தார். அவர் குரலைத் தாழ்த்தி மலாயில் சொன்னார்: "நீ கேலி பண்ணுறேன்னு நினைக்கிறான். இனி இப்படிக் கோணி நின்னுக்கிட்டு வராதே. அடுத்த தடவை அறையோட போகாது."

அங்கேயே என் கைலி நனைந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அன்றிலிருந்து பயம் என்னோடு குடித்தனம் நடத்தியது. லயத்துக்கு வெளியே பூட்ஸ் சத்தம் கேட்பது போல இருக்கும். சித்திரையில் லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். அஞ்சலையின் ஒரே தம்பியை ஏற்றிக்கொண்டு போனார்கள். லாரி வந்தால் மற்ற ஆண்கள் காட்டுக்குள் ஓடினார்கள். நான் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். என் காலைப் பார்த்து அன்று விட்டுவிட்டார்கள். மறுபடி வந்தால் விடுவார்களா என்று யாருக்குத் தெரியும்?

முனியாண்டிதான் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. காலையில் எழுந்ததும் வந்துவிடுவான்.

"நான் ஒடிச்சத நானே நிமித்துறேன். காலக் காட்டுடா."

ஒரு மரக்கட்டை மேல் என் குதிகாலை வைப்பான். முட்டிக்கு மேல் துணியைச் சுற்றி, அதில் பால் வாளியைத் தொங்கவிடுவான். ரப்பர் வெட்டாததால் வாளிகள் சும்மாதான் கிடந்தன. முதலில் வெறும் வாளி. போகப்போகத் தண்ணீர் ஊற்றினான். உயிர் போய் உயிர் வரும். நான் கத்துவேன்.

"கத்தாதே. பாடு. பாட்ட விடாதே" என்பான்.

நானும் சடுகுடு சடுகுடு என்று மூச்சைப் பிடித்துப் பாடுவேன். ஒரு மூச்சு தீருகிறவரை வலியைத் தாங்க முடிந்தது. அஞ்சலை ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, அதுக்குப் பதிலா முருகா முருகான்னு பாடினா வாய் வலிக்குமா?" என்று கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள். எனக்கு அது பிடித்துக்கொண்டது. வலி வந்தாலும் அந்தப் பாட்டு, பயம் வந்தாலும் அந்தப் பாட்டு. மற்ற நேரத்தில் தரையில் உட்கார்ந்தே கிழங்கு தோண்டினேன். கிணற்றுக் கட்டில் சாய்ந்துகொண்டு லயத்துக்கே தண்ணீர் இறைத்தேன். கை வேலை செய்கிறவரை மனசு கொஞ்சம் அடங்கும்.

எங்கள் கோயில் என்பது மரத்தடியில் நட்ட ஒரு வேல்தான். அதன் முன்னால் நின்று ஒன்றே ஒன்றைக் கேட்டேன். "முருகா, காலை நிமிர்த்து. அவன் முன்னால் மறுபடி கோணிக்கொண்டு நிற்க வைக்காதே."

ஆடியில் கால் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. ஆனாலும் நேராக நின்றால் முட்டி ஒரு விரல்கடை முன்னால் தள்ளியே நிற்கும். அந்த நேரத்தில்தான் அஞ்சலைக்கு மலேரியா கண்டது. குளிரில் பல் கிட்டும். பிறகு உடம்பு கொதிக்கும். சயாமுக்குப் போன தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். என்னைப் பார்த்து யார் என்று கேட்டாள். அடுத்த வீட்டுப் பாப்பாத்தி அக்கா அவள் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். "கொய்னா மாத்திரை இல்லேன்னா இவ தாங்கமாட்டா, தம்பி" என்று சொல்லிவிட்டு அழுதார்.

கொய்னா சுங்கைப்பட்டாணியில் நம் பழைய டிரஸ்ஸரிடம்தான் இருக்கும். நடுவில் அந்தப் பாலம்.

"நான் போறேன்டா" என்றான் முனியாண்டி.

"உன் உடம்பைப் பார்த்தா ரோட்டிலேயே லாரியை நிறுத்தி ஏத்திக்குவான். நீ இவளைப் பார்த்துக்க."

பேச்சு மட்டும்தான் வீரமாக வந்தது. கம்பு எடுக்கவில்லை. பாலம் கண்ணில் பட்டது. அதே ஆள்தான் நின்றான். திரும்பிவிடலாம் என்று உண்மையாகவே நினைத்தேன். அஞ்சலை என்னை யார் என்று கேட்டது ஞாபகம் வந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தேன். முருகா முருகா என்று உதட்டுக்குள் பாடிக்கொண்டே போய் அவன் முன்னால் நின்றேன். மரக்கட்டை மேல் வைத்து அழுத்துவது போலக் காலை அழுத்தினேன். சொந்தங்களே, கால் நிமிர்ந்தது. வீட்டில் ஒருநாளும் அப்படி நிமிர்ந்ததில்லை. குனிந்து கும்பிட்டேன். அவன் என் முட்டியையே பார்த்தான். பிறகு கையை அசைத்தான்.

டிரஸ்ஸர் என்னை ஆஸ்பத்திரிப் பின்பக்கம் கூட்டிப்போனார். மாத்திரைகளைக் காகிதத்தில் இறுக்கிச் சுருட்டினார். "பாலத்துல மடி, துணியெல்லாம் தடவிப் பாக்குறான் தம்பி. தெரிஞ்சா நம்ம ரெண்டு பேர் தலையும் போயிரும். கன்னத்துல அடக்கிக்க. வாயத் திறக்காத" என்றார்.

திரும்பி வருகிற வழியில்தான் எனக்கு உறைத்தது. வாய் அடைத்திருக்கிறது. எப்படிப் பாடுவேன்? அந்தப் பாட்டு இல்லாமல் ஒருநாளும் இந்தக் கால் நிமிர்ந்ததில்லையே.

பாலத்துக்கு வந்தேன். வழியிலேயே காகிதம் நனைந்துவிட்டது. கசப்பு நாக்கில் இறங்கியது. வேப்பங்காயெல்லாம் அதற்கு முன்னால் சர்க்கரை. முகத்தைச் சுளிக்கக்கூடாது, துப்பக்கூடாது. அவன் என் மடியைத் தடவினான், வேட்டியை உதறினான். ஏதோ கேட்டான். நான் வாய் திறக்காமல் குனிந்தேன். அவன் கிட்டே வந்தான். அறைந்தால் மாத்திரை தெறிக்கும். தெறித்தால் நானும் இல்லை, அவளும் இல்லை.

அப்போது உள்ளே அந்தப் பேர் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. நான் சொல்லவில்லை. வாய் அசையவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. அது தானாக ஓடியது, முருகா முருகா என்று. கால் நேராக நின்றது. அவன் கையை ஓங்கியது போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது போ என்று ரோட்டைக் காட்டிக்கொண்டிருந்தான்.

அஞ்சலை பிழைத்துக்கொண்டாள். காய்ச்சல் விட்டதும் என்னைப் பார்த்து, "ஏங்க இப்படி இளைச்சுட்டீங்க?" என்று கேட்டாள். நான் குழந்தை மாதிரி அழுதேன். இன்றைக்கும் கோபம் வந்தால், "உங்க எச்சில் மாத்திரையைத் தின்னு பொழைச்சதுக்கு இதுவும் கேப்பேன், இன்னமும் கேப்பேன்" என்பாள்.

அவள் தம்பி சயாமிலிருந்து திரும்பவில்லை. அதற்கும் வேண்டினேன். அது ஏன் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் பேசவும் மாட்டேன். கார்த்திகைக்குள் என் காலும் பழையபடி கொஞ்சம் மடங்கிவிட்டது. இப்போதும் சாய்ந்துதான் நடக்கிறேன். நிமிர வேண்டிய நாளில் நிமிர்ந்தது, எனக்கு அது போதும். முன்பெல்லாம் கோயிலுக்கு வேடிக்கை பார்க்கப் போகிறவன் நான். இப்போது விடிந்ததும் அந்தப் பேரைச் சொல்லாமல் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

பயம் போய்விட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை. பூட்ஸ் சத்தம் கேட்டால் இன்றும் எனக்கு வேர்க்கும். பாலத்தில் நின்றபோதும் நான் பயந்துகொண்டுதான் நின்றேன். உங்களுக்கும் ஒரு நாள் அப்படி வரும். அன்றைக்குப் பயம் தீரட்டும், அப்புறம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். முருகனைக் கூப்பிட்டுவிட்டு நடுங்கிக்கொண்டே நடங்கள். கூப்பிட வாய் வராவிட்டாலும் நடங்கள். அவன் வருவான்.