பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு கேஸ்கட்

எங்கள் தீவில், பெரார்கஞ்சுக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் என் கணவருக்கு வேலை. எங்கள் பழைய காரில் எஞ்சின் மேல்மூடியிலிருந்து எண்ணெய் கசிய ஆரம்பித்தது. மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கார்க் கேஸ்கட் நைந்துவிட்டது. புதியது மெயின்லேண்டிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும்.

"கையில ரப்பர் இருக்கு, ஜஹாஸுக்கு எதுக்குக் காத்திருக்கணும்?" என்றவர், தோட்டத்து ரப்பர் ஷீட்டை அளவாக வெட்டி வைத்து மூடியை முடுக்கினார். கசிவு நின்றது. அவருக்கு ஒரே பெருமை.

அடுத்த வாரம் குழந்தைகளோடு கராச்சர்மாவில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் கருகல் வாடை. பானட் இடுக்கிலிருந்து புகை! "ஏங்க, நிறுத்துங்க!" என்று கத்தினேன். குழந்தைகளை இழுத்துக்கொண்டு இறங்கினேன். நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை. திறந்து பார்த்தால், சூடான எண்ணெயில் ஊறிய ரப்பர் உப்பிக் கூழாகிப் பிதுங்கியிருந்தது. எண்ணெய் நேராகக் கொதிக்கும் புகைக்குழாயில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அரே, நம்ம தோட்டத்து ரப்பரே நம்மள கவுத்துடுச்சே!" என்றார். பஸ் பிடித்துப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

கப்பல் வந்ததும் கார்க் கேஸ்கட்டே போட்டோம். இப்போதெல்லாம் இரண்டிரண்டாகத்தான் வரவழைக்கிறோம். உபரியாக இருப்பது மடங்கிவிடாமல் பெட்டியில் என் கல்யாணப் பட்டுக்கு அடியில் கிடக்கிறது. எங்கள் கார் மாதிரியே ஒன்று வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் அதை இரவல் கேட்டு வந்தார்.

"அக்கா, மேலே இருக்கிற புடவைய வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்றேன்.